டஸ்க்கை வெட்டத்தான் வேண்டுமா?

வாசகர் ஒருவர், 9 பிப்ரவரி 2025

ஃப்ளீட்வுட் மேக் ராக் இசைக்குழு ரூமர்ஸ் ஆல்பத்தோடு உச்சத்தைத் தொட்டுவிட்டது என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. 1979-இல் வந்த டஸ்க் இரட்டைத் தட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இருபது பாடல்களில் பத்துக்கு மேல் தேறாது. குழுவின் கிட்டார் கலைஞரும் பாடகருமான லிண்ட்ஸி பக்கிங்ஹமின் கிறுக்குத்தனங்களை நீக்கி, பாடகி ஸ்டீவி நிக்ஸின் பாடல்களுக்கு முதலிடம் கொடுத்து, ஒற்றைத் தட்டாக வெட்டியிருந்தால் அது ரூமர்ஸுக்கு இணையாக நின்றிருக்கும். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

10 பிப்ரவரி 2025

மறுக்கிறேன். எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். டஸ்க்கின் இருபது பாடல்களில் ஒன்பது லிண்ட்ஸி எழுதியவை, ஐந்து ஸ்டீவி எழுதியவை. மீதமுள்ள ஆறு யாருடையவை என்பதை உங்கள் வழக்கு கண்டுகொள்ளவே இல்லை. அவை கீபோர்டு வாசித்துப் பாடிய கிறிஸ்டின் மெக்வீயின் பாடல்கள். முதல் தட்டைத் தொடங்கிவைக்கும் 'ஓவர் அண்ட் ஓவர்' அவருடையது. இரண்டாம் தட்டை முடித்துவைக்கும் 'நெவர் ஃபர்கெட்' அவருடையது. வாசல் சாவியும் கொல்லைச் சாவியும் ஒருவர் இடுப்பில் இருக்க, வீடு மற்ற இருவரில் யாருக்குச் சொந்தம் என்று நாம் இத்தனை ஆண்டுகளாக வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ரூமர்ஸிலும் நிலைமை வேறல்ல. அதிலுள்ள பதினொரு பாடல்களில் 'தி செயின்' மட்டும் குழுவினர் ஐவர் பெயரிலும் இருக்கிறது. மிச்சமுள்ள பத்தில் கிறிஸ்டினுக்கு நான்கு, மற்ற இருவருக்கும் மும்மூன்று. அமெரிக்காவில் தனிப்பாடல்களாக வெளியிடப்பட்ட நான்கில் 'டோன்ட் ஸ்டாப்', 'யூ மேக் லவிங் ஃபன்' ஆகிய இரண்டும் அவர் எழுதியவை. அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பப் பட்டியலில் மொத்தம் 31 வாரங்கள் முதலிடத்தில் இருந்த ஓர் ஆல்பத்தில் அதிகப் பாடல்களை எழுதியவரை, ரசிகர்கள் 'கீபோர்டு வாசித்தவர்' என்று சொல்லிக் கடந்துபோவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

லிண்ட்ஸியின் கிறுக்குத்தனங்கள் குறித்துத் தனியாக எழுத வேண்டும். அவற்றில் சில எனக்கும் எரிச்சல் மூட்டியவைதாம்.

11 பிப்ரவரி 2025

'டோன்ட் ஸ்டாப்' லிண்ட்ஸியின் பாடலல்லவா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அல்ல. எழுதியவர் கிறிஸ்டின், பாடியவர்கள் இருவரும். முதல் சரணத்தை லிண்ட்ஸி எடுப்பதால் பலரும் அதை அவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். 1992-இல் பில் கிளின்டன் தம் தேர்தல் பிரசாரத்துக்கு இப்பாடலைப் பயன்படுத்தினார். 1993 ஜனவரியில் நடந்த பதவியேற்பு விருந்தில், அதற்குள் சிதறிப்போயிருந்த ஐவரும் ஒன்றாக மேடையேறி அதைப் பாடினார்கள். ஒரு நாட்டின் அதிபருக்குப் பாட்டுக் கொடுத்தும் பெயர் கிடைக்கவில்லை என்றால் இனி என்ன செய்வது?

13 பிப்ரவரி 2025

ரூமர்ஸைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யார் யாரைப் பிரிந்தார், எந்தப் பாட்டு யாரைக் குத்துகிறது என்ற கதையே முன்னால் வந்து நிற்கிறது. கதை உண்மைதான். 1976-இல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் உள்ள ரெக்கார்ட் பிளான்ட் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது லிண்ட்ஸியும் ஸ்டீவியும் பிரிந்துகொண்டிருந்தார்கள். கிறிஸ்டினும் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வீயும் மணமுறிவில் இருந்தார்கள். டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டின் குடும்பமும் உடைந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த ஆண்டில் உலகெங்கும் எத்தனையோ இசைக்குழுக்களில் எத்தனையோ பேர் பிரிந்திருப்பார்கள். அவர்கள் யாரும் ரூமர்ஸை எடுத்துவிடவில்லை. ஆகவே விளக்கம் வேறு எங்கோ இருக்கிறது.

என் கணிப்பில் அது உழைப்பிலும் ஒலிப்பதிவு நுணுக்கத்திலும் இருக்கிறது. மாதக்கணக்கில் ஒரே காந்த நாடாவின் மேல் குரல்களையும் கிட்டார்களையும் சேர்த்துச் சேர்த்துப் பதிந்ததில், நாடா இயந்திரத்தின் முனைகளில் திரும்பத் திரும்ப உராய்ந்து தேய்ந்தது. ஒரு கட்டத்தில் டிரம்ஸின் கூர்மை மழுங்கிப்போனதை ஒலிப்பதிவாளர்கள் உணர்ந்தார்கள். அடிப்படைத் தாளப் பதிவுகளை எடுத்தபோது இரண்டு இயந்திரங்களை ஒருசேர ஓடவிட்டிருந்ததால், அதிகம் ஓடாத இன்னொரு நாடா நல்ல நிலையில் இருந்தது. ஆனால் அந்த இரண்டையும் தானாக ஒத்திசைக்க வழி இருக்கவில்லை. எனவே ஒரு காதில் பழைய நாடாவின் ஹை-ஹாட், ஸ்னேர் ஆகிய டிரம்ஸ் உறுப்புகளின் ஒலிகளையும் மறு காதில் புதிய நாடாவின் அதே ஒலிகளையும் கேட்டபடி, இயந்திரத்தின் வேகத்தைக் கையால் கூட்டியும் குறைத்தும், பிற்பாடு சேர்த்த அனைத்தையும் பாட்டுக்குப் பாட்டு புதிய நாடாவுக்கு மாற்றினார்கள். இன்று நாம் கேட்கும் அந்தப் பளிச்சென்ற டிரம்ஸ் ஒலிக்குப் பின்னால் இப்படி ஒருவர் இரு காதுகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது, எந்தக் காதல் கதையைவிடவும் என்னைக் கவர்கிறது.

'சாங்பேர்டு' பாடலையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். சாசலிட்டோ கூடத்தின் அறைகள் எதிரொலியே இல்லாமல் வறண்டவை. அந்தப் பாட்டுக்கோ வெளி தேவைப்பட்டது. ஆகவே பெர்க்லியில் உள்ள செல்லர்பாக் அரங்கத்துக்குச் சென்று, ஆளில்லாத இருக்கைகளுக்கு முன்னால் கிறிஸ்டினை ஒரு பெரிய பியானோவின் முன் அமர்த்தினார்கள். தாளம் தவறாமலிருக்க லிண்ட்ஸி மேடைக்கு அப்பால் உட்கார்ந்து அக்கூஸ்டிக் கிட்டாரை மீட்டிக்கொண்டிருந்தார். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. ஆல்பத்தின் முதல் பக்கம் அந்தப் பாட்டோடு முடிகிறது. தட்டைத் திருப்பினால் 'தி செயின்'.

இந்த வரிசையைக் கேட்காமல், கைப்பேசியில் ஒவ்வொரு பாட்டாகத் தட்டிக் கேட்பவர்களோடு ரூமர்ஸைப் பற்றி வாதிடுவதில் பயனில்லை என்பது என் எண்ணம்.

13 பிப்ரவரி 2025, இரவு

அட்டைப் படத்தில் மிக் ஃப்ளீட்வுட்டின் கால்களுக்கு இடையில் தொங்கும் மரக்குண்டுகள் எதற்கு என்று கேட்ட அன்பருக்கு: குழுவின் தொடக்க நாட்களில் ஏதோ ஒரு மது விடுதியின் கழிப்பறைச் சங்கிலியிலிருந்து கழற்றி வந்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். கோடிக்கணக்கில் விற்ற ஆல்பத்தின் அட்டையில் ஒரு கழிப்பறைச் சங்கிலி. இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

17 பிப்ரவரி 2025

கேள்வி எழுப்பியவர் சொன்ன முறையிலேயே டஸ்க்கை வெட்டிக் கேட்டுப் பார்த்தேன். 'தி லெட்ஜ்', 'நாட் தட் ஃபன்னி', 'தட்ஸ் இனஃப் ஃபார் மி' முதலிய முரட்டுப் பாடல்களை நீக்கினேன். ஸ்டீவியின் ஐந்தும், கிறிஸ்டினின் பாடல்களில் பெரும்பாலானவையும், லிண்ட்ஸியின் மென்மையான ஒன்றிரண்டும் இருந்தன. முதல் பக்கம் இதமாக ஓடியது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் எழுந்து காப்பி போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எந்தப் பாட்டு ஓடுகிறது என்பதைக் கூட உடனே சொல்ல முடியவில்லை.

மூல வரிசையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 'ஓவர் அண்ட் ஓவர்' அவசரமே இல்லாமல், கடைசியில் கிட்டாரும் குரல்களும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மங்குகிறது. உடனே 'தி லெட்ஜ்' இரண்டே நிமிடங்களுக்கு, கிட்டாரைத் தாழ்ந்த சுருதியில் முறுக்கிக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுக்கும் குரல்களோடு குதித்துவிட்டுப் போகிறது. அந்தக் காது கூச்சம் அடங்குவதற்குள் கிறிஸ்டினின் 'திங்க் அபவுட் மி' வருகிறது. அந்த நேரத்தில் அது கொடுக்கும் நிம்மதியை அந்தப் பாட்டைத் தனியாகக் கேட்டு நான் ஒருபோதும் பெற்றதில்லை. 'தி லெட்ஜ்' எனக்குப் பிடிக்காத பாட்டு. அதை நீக்கக் கூடாது.

இதில் என் சொந்தக் கதையும் கலந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் ரூமர்ஸை முதலில் கேட்டது பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை ஒன்றில் அறுபது நிமிட கேசட்டில் போட்டு வாங்கிய பிரதியில். பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடும் கேசட்டில் ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கமும் இருபது நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மீதி நாடாவைக் காலியாக விடுவது அந்தக் கடைக்காரருக்குப் பாவமாகத் தெரிந்திருக்க வேண்டும். 'சாங்பேர்டு' முடிந்ததும் 'திங்க் அபவுட் மி'யும் 'பிரவுன் ஐஸ்' பாட்டும், மறுபக்கத்தில் 'கோல்ட் டஸ்ட் உமன்' முடிந்ததும் 'ஹனி ஹை'யும் 'நெவர் ஃபர்கெட்'டும் போட்டிருந்தார். அட்டையின் உட்புறத்தில் நீல மையால் எழுதிய பட்டியலில் இவற்றுக்கு ஆல்பத்தின் பெயரே இல்லை. எல்லாமே ரூமர்ஸ் என்றுதான் நான் வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்கும் கிறிஸ்டினுடையவை. கடைக்காரர் ஏன் இவற்றைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. மிஞ்சிய இடத்துக்கு அளவாக இருந்தன என்பதே காரணமாக இருக்கலாம். ஆனால் கிறிஸ்டினின் டஸ்க் பாடல்கள் ரூமர்ஸோடு தையல் தெரியாமல் ஒட்டும் என்பதை அந்த நாடாதான் எனக்குக் காட்டியது. அதே காரணத்தால்தான், அவற்றை மட்டும் வைத்து ஒரு டஸ்க் செய்தால் அது இரண்டாவது ரூமர்ஸ் ஆகிவிடும் என்றும், அந்த ஒன்றைத்தான் லிண்ட்ஸி எப்பாடுபட்டாவது தவிர்க்க விரும்பினார் என்றும் இப்போது தோன்றுகிறது.

18 பிப்ரவரி 2025

"பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து எடுத்த ஆல்பமா இது?" என்ற கேள்விக்கு வருவோம். ஆம், செலவு அவ்வளவு ஆனது. லாஸ் ஏஞ்சலிஸின் மேற்குப் பகுதியில் உள்ள வில்லேஜ் ரெக்கார்டர் கூடத்தில் இவர்களுக்கென்றே ஸ்டூடியோ 'டி' அமைக்கப்பட்டது. இத்தனையும் செய்துவிட்டு, லிண்ட்ஸி தம் வீட்டில் கிளீனெக்ஸ் காகிதப் பெட்டியைத் தட்டித் தாளமாகப் பதிவு செய்துகொண்டிருந்தார். குளியலறைத் தரையில் குனிந்து கிடந்து பாடி, அந்த ஓட்டுத் தரையின் ஒலியைக் குரலுக்கு ஏற்றினார். இதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சமயத்தில் பங்க், நியூ வேவ் என்ற புதிய இசைப் பாணிகள் வந்து, மெருகேறிய கலிஃபோர்னிய ராக் இசையைக் கிழவர்களின் இசையாக்கிக்கொண்டிருந்தன. முடியை வெட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்த லிண்ட்ஸிக்கு அந்தப் பதற்றம் இருந்தது. குழுவில் மற்றவர்களுக்கு அது இருந்ததாகத் தெரியவில்லை.

ஆல்பத்தின் பெயர் கொண்ட பாட்டுக்காகத் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு வாத்தியக் குழுவை டாட்ஜர் விளையாட்டரங்கத்துக்கு அழைத்துவந்து பதிவு செய்தார்கள். ஜான் மெக்வீ அன்று ஊரிலேயே இல்லை. எங்கோ பாய்மரப் படகில் இருந்தார். படப்பிடிப்பில் அவருடைய ஆளுயர அட்டைப் படத்தைச் சுமந்துகொண்டு சமாளித்தார்கள். பேஸ் கிட்டார்க் கலைஞர்களுக்கு உலகம் தரும் மரியாதைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

விற்பனை குறைந்ததற்கு இசை மட்டுமே காரணம் என்பதையும் நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் அதன் விலை 15.98 டாலர், அன்றைக்கு அது பெரிய தொகை. மேலும், ஆர்.கே.ஓ. வானொலி நிலையங்கள் ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே அதை முழுவதும் ஒலிபரப்பியதால் மக்கள் வீட்டிலேயே நாடாவில் பதிந்துகொண்டார்கள் என்று மிக் ஃப்ளீட்வுட் குறைபட்டுக்கொண்டார். இத்தனைக்குப் பிறகும் பிரிட்டனில் முதலிடமும் அமெரிக்காவில் நான்காம் இடமும் பிடித்த ஆல்பத்தை 'தோல்வி' என்று சொல்ல, முந்தைய ஆல்பம் ரூமர்ஸாக இருந்தால்தான் முடியும்.

2 மார்ச் 2025

"குறுந்தகட்டில் 'சாரா' பாட்டு அரைகுறையாக முடிகிறதே, என் பிரதியில் பழுதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பழுதில்லை. டஸ்க் முதன்முதலில் குறுந்தகடாக வந்தபோது, இரண்டு தட்டுகளின் எழுபத்துச் சொச்சம் நிமிட இசையை ஒரே தகட்டில் அடக்குவதற்காக, ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் 'சாரா'வுக்குப் பதில் நான்கரை நிமிட வானொலி வடிவத்தைப் போட்டுவிட்டார்கள். 2004 மறுவெளியீட்டில் முழுப் பாடலும் திரும்பி வந்தது.

எங்களிடமும் இந்த வெட்டுப்பட்ட தகடுதான் இருந்தது. முழு வடிவத்தை முதன்முறை கேட்டபோது, மிக் ஃப்ளீட்வுட் தூரிகைக் குச்சிகளால் டிரம்ஸை வருடிக்கொண்டே போவதும், பின்னணிக் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று படிவதும் அதிக நேரம் நீடித்தபோதுதான் அந்தப் பாட்டு எனக்குப் புரிந்தது. ஸ்டீவியின் நல்ல பாட்டுகள் எல்லாவற்றுக்கும் இந்த நீளம் தேவைப்படுகிறது. 'ட்ரீம்ஸ்' பெரும்பாலும் இரண்டே கார்டுகளுக்கு (சுரக்கூட்டுகளுக்கு) இடையில் ஊசலாடும் பாட்டு. அதைத் தாங்கிப் பிடிப்பவர்கள் ஜான் மெக்வீயும் மிக் ஃப்ளீட்வுட்டும். அமெரிக்காவில் இந்தக் குழுவுக்கு முதலிடம் பெற்றுத் தந்த ஒரே தனிப்பாடல் அதுதான் என்பதையும், ஸ்டீவியின் தரப்பில் வாதிடுபவர்கள் மறந்துவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். நான் அவருக்கு எதிரி அல்ல.

டஸ்க்கை வெட்டலாம் என்பவர்கள், ஒருமுறை வெட்டியவர்கள் எதை வெட்டினார்கள் என்பதையும் கவனிக்கவும். ஸ்டீவியின் பாட்டைத்தான்.

9 மார்ச் 2025

'பிரவுன் ஐஸ்' பாட்டின் கடைசியில், ஒலி மங்கும் இடத்தில் கேட்கும் கிட்டார் யாருடையது என்ற பேச்சு எழுந்திருக்கிறது. பீட்டர் கிரீன் அதில் வாசித்திருக்கிறார்; தட்டில் அவர் பெயர் போடப்படவில்லை. 1967-இல் இந்தக் குழுவைத் தொடங்கியவரே அவர். தம் பெயரை வைக்காமல், டிரம்ஸ் வாசித்தவர் பெயரையும் பேஸ் வாசித்தவர் பெயரையும் சேர்த்துக் குழுவுக்கு வைத்தவர். 1970-இல் விலகிப் போனவர். பிரிட்டனில் முதலிடம் பிடித்த 'ஆல்பட்ராஸ்' அவருடைய ஆக்கம்.

அவரது காலத்து ப்ளூஸ் இசைதான் உண்மையான ஃப்ளீட்வுட் மேக், மற்றதெல்லாம் வியாபாரம் என்று கறாராகப் பேசும் ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கிறிஸ்டினும் அதே பிரிட்டிஷ் ப்ளூஸ் வட்டத்தில் 'சிக்கன் ஷேக்' குழுவில் வாசித்துப் பாடியவர். 'யூ மேக் லவிங் ஃபன்' பாட்டில் ஒலியை நெளியவைக்கும் வா-வா மிதியோடு கிளாவினெட் என்ற மின் கீபோர்டு உறுமுவதைக் கேளுங்கள். கலிஃபோர்னிய வெயிலுக்கு அடியில் அந்த ப்ளூஸ் இன்னும் ஓடுகிறது. பழைய குழுவுக்கும் புதிய குழுவுக்கும் நடுவே பாலமாக இருந்த பாடகர் அவர் ஒருவரே.

அந்தப் பாட்டுக்கு ஒரு துணைக்கதை உண்டு. அது குழுவின் ஒளியமைப்பாளர் மீது கிறிஸ்டினுக்கு ஏற்பட்ட காதலைப் பற்றியது. ஆனால் ஜானிடம் தம் நாயைப் பற்றி எழுதியதாகச் சொல்லிவைத்திருந்தார். ஜான் அதை நம்பினாரோ இல்லையோ, பேஸ் வாசிப்பில் குறை வைக்கவில்லை.

30 மார்ச் 2025

இத்தனை எழுதிய பிறகு என் கட்சியை நானே சோதிக்க வேண்டியிருக்கிறது. கிறிஸ்டின்தான் முதுகெலும்பு என்றால், அவர் தனியே நின்ற இடத்தில் என்ன நடந்தது? 1984-இல் அவர் தம் பெயரிலேயே ஒரு தனி ஆல்பம் வெளியிட்டார். 'காட் எ ஹோல்ட் ஆன் மி' பாட்டு அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தது. எரிக் கிளாப்டன், ஸ்டீவ் வின்வுட் போன்றோர் வந்து வாசித்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லாத ஆல்பம். கேட்டு முடித்த கையோடு மறந்தும் போய்விடுகிறது. பிப்ரவரியில் நான் வெட்டிக் கேட்ட டஸ்க்கும் இப்படித்தான் இருந்தது.

மறுபுறம், 2003-இல் வந்த 'சே யூ வில்' கிறிஸ்டின் குழுவிலிருந்து ஓய்வு பெற்ற பின் எடுக்கப்பட்டது. ஒன்றிரண்டு பாட்டுகளில் விருந்தினராக வந்துபோனதோடு சரி. பதினெட்டுப் பாடல்களையும் லிண்ட்ஸியும் ஸ்டீவியும் பங்கிட்டுக்கொண்டார்கள். அவர் ஒரு முனையில் கிட்டாரைக் கசக்கிப் பிழிய, இவர் மறுமுனையில் மூடுபனியை இறக்க, நடுவில் இளைப்பாற ஓரிடம் இல்லை. ஒரே அமர்வில் அதைக் கேட்டு முடிப்பது எனக்கு இன்றுவரை கைகூடவில்லை. ரசிகர்கள் விரும்பிப் போடும் 'லிண்ட்ஸியா, ஸ்டீவியா' சண்டை ஓர் ஆல்பமாக வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே விடை.

2017-இல் லிண்ட்ஸியும் கிறிஸ்டினும் இருவர் பெயரில் ஒரு தட்டு வெளியிட்டார்கள். ஜானும் மிக்கும் அதில் வாசித்தார்கள். ஸ்டீவி மட்டும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த தட்டு அது, ஆனாலும் அதில் ஓர் இருட்டு குறைகிறது. 'ஸ்டார்ம்ஸ்', 'சிஸ்டர்ஸ் ஆஃப் தி மூன்' போன்ற பாடல்கள் டஸ்க்கின் இரண்டாம் பக்கத்துக்குக் கொடுத்த அந்த இருட்டை வேறு யாராலும் கொடுக்க முடியவில்லை.

ஆகவே என் நிலையைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். கிறிஸ்டினின் பாடல்கள் மற்றவர்களின் பாடல்களைவிட மேலானவை என்று வாதிடப் போவதில்லை. மற்றவர்களின் பாடல்களை அடுத்தடுத்துக் கேட்க முடிகிற ஒன்றாக ஆக்கியவை அவை என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

6 ஏப்ரல் 2025

டஸ்க்குக்குப் பிறகு எதைக் கேட்பது என்று கேட்டவருக்கு: 1982-இல் வந்த மிராஜ். பிரான்ஸில் ஷாட்டோ தேரூவில் என்ற பழைய மாளிகையில் பெரும்பகுதி பதிவானது. அமெரிக்காவில் ஐந்து வாரங்கள் முதலிடம். கிறிஸ்டின் இணைந்து எழுதிய 'ஹோல்ட் மி'யும் ஸ்டீவியின் 'ஜிப்சி'யும் அதில்தான் இருக்கின்றன. டஸ்க்கிலிருந்து முரட்டுப் பாடல்களை நீக்க விரும்புகிறவர்களுக்கு இது முன்பே செய்து வைக்கப்பட்ட ஆல்பம். நல்ல ஆல்பம்தான். நாற்பது ஆண்டுகளாக அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை என்பதையும் கவனிக்கவும்.

அடுத்து 1987-இன் டாங்கோ இன் தி நைட். 'எவ்ரிவேர்', 'லிட்டில் லைஸ்' இரண்டும் கிறிஸ்டினுடையவை. பின்னதை எழுதியதில் அவருடைய அப்போதைய கணவர் எடி கின்டெலாவுக்கும் பங்குண்டு. அவற்றின் மின்னும் ஒலிக்கட்டு லிண்ட்ஸியின் கைவண்ணம். குளியலறைத் தரையில் கிடந்தவர் கடைசியில் மற்றவர்களின் பாட்டுக்கு நகாசு வேலை செய்து கொடுத்துவிட்டு, கச்சேரிப் பயணம் தொடங்கும் முன்பே குழுவை விட்டு வெளியேறினார்.

11 ஏப்ரல் 2025

'நாட் தட் ஃபன்னி'யைக் காப்பாற்ற யாராவது முன்வருகிறீர்களா? நான் முயன்றேன். முடியவில்லை.

12 ஏப்ரல் 2025

கேம்பர் வான் பீத்தோவன் என்ற குழு டஸ்க் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை தங்கள் பாணியில் பாடி 2002-இல் வெளியிட்டது என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். ரூமர்ஸுக்குப் பல கலைஞர்கள் சேர்ந்து அஞ்சலி செய்வது எளிது, அதிலுள்ள ஒவ்வொரு பாட்டும் தனியே நிற்கும். டஸ்க்கை ஒரே குழு ஒரே மூச்சில் பாடத் துணிந்தது என்றால், அதை ஒரே பொருளாகக் கேட்டவர்கள் நம்மைத் தவிரவும் இருக்கிறார்கள் என்று பொருள்.

21 செப்டம்பர் 2025

பல மாதங்கள் கழித்து இங்கே எழுத ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. லிண்ட்ஸியும் ஸ்டீவியும் ஃப்ளீட்வுட் மேக்கில் சேருவதற்கு முன் 1973-இல் வெளியிட்ட 'பக்கிங்ஹம் நிக்ஸ்' ஆல்பம், இத்தனை காலம் முறையாகக் குறுந்தகடாகக் கூட வராமல் இருந்தது, இந்த வாரம் மறுவெளியீடு கண்டிருக்கிறது. அதிலுள்ள 'ஃப்ரோசன் லவ்' பாட்டை சவுண்ட் சிட்டி ஒலிப்பதிவுக் கூடத்தில் கேட்டுவிட்டுத்தான் மிக் ஃப்ளீட்வுட் லிண்ட்ஸியை அழைத்தார். லிண்ட்ஸி ஸ்டீவியையும் சேர்த்தால்தான் வருவேன் என்றார்.

நம் வாதத்துக்கு உதவும் பாட்டு அது அல்ல, 'கிறிஸ்டல்'. ஸ்டீவி எழுதி லிண்ட்ஸி பாடிய பாட்டு. இது 1973 ஆல்பத்திலும் இருக்கிறது, ஃப்ளீட்வுட் மேக்கின் 1975 ஆல்பத்திலும் இருக்கிறது. அதே பாட்டு, அதே குரல். இரண்டாவதில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஜான், மிக், கிறிஸ்டின். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். முதல் வடிவத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துப் பாடுகிறார்கள். கேட்பவருக்கு அங்கே வேலையில்லை. இரண்டாவதில் கிறிஸ்டினின் கீபோர்டு அடியில் மெல்லப் பரவுகிறது, டிரம்ஸ் அவசரப்படாமல் நடக்கிறது, பாட்டு வெளிப்பக்கம் திரும்பி உட்காருகிறது.

பிப்ரவரியில் இந்த வழக்கைத் தொடுத்தவரிடமும் இரண்டையும் கேட்கச் சொன்னேன். 1973 வடிவமே மேல், கீபோர்டு தேவையில்லாத மெத்தை என்று அவர் பதில் எழுதியிருக்கிறார். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டாரா என்று விசாரித்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.